நொடியும் நுண்ணறிவு வினாவும்: சிறுவர் தருக்கச் சிந்தனை பற்றிய ஒரு விமரிசன நோக்கு

சிறுவரின் சிந்தனை வளர்ச்சியில் புதிர்களுக்கு முக்கிய இடமுண்டு என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. மறுப்பாரில்லாத கருத்துக்களே பெரும்பாலும் ஆராயப்படாத கருத்துக்களாகவும் எஞ்சிவிடுகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டில் புதிர் இரு வேறு வடிவங்களிற் சிறுவரை வந்தடைகிறது. ஒன்று, வாய்மொழியாக வழங்கிவந்த நொடி. மற்றது, ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் முதலாம் வினாத்தாளிலும், அதற்கென அச்சிடப்படும் எண்ணற்ற மாதிரி வினாத்தொகுதிகளிலும் இடம்பெறும் 'நுண்ணறிவு' வினா. முன்னையது பண்பாட்டுச் செல்வமெனப் போற்றப்படுகிறது. பின்னையது முன்னேற்றத்தின் முதற்படியெனக் கொள்ளப்படுகிறது. இவ்வாறு இரண்டுமே கேள்விக்கு அப்பாற்பட்டனவாக ஆக்கப்பட்டமையால், இவை பிள்ளையின் சிந்தனையில் எதனைச் செய்கின்றன, எதனைச் செய்யாது விடுகின்றன என்னும் வினா எழுப்பப்படாமலே போய்விட்டது. அவ்வினாவையே நாம் இங்கு எழுப்ப முனைகிறோம்.

நொடியிலிருந்து தொடங்கலாம். தொல்காப்பியம் இதனைப் 'பிசி' எனக் குறித்து, செய்யுளியலில் இருவகையாகப் பகுக்கிறது. ஒப்புமை பொருந்திய உவமையால் அமைவது ஒருவகை; தோன்றுவதொன்றைக் கூறி அதன்வழிப் பிறிதொன்றைத் துணியவைப்பது மற்றைய வகை. உரையாசிரியர்களின் விளக்கங்களுட் புகாது, கல்வி நோக்கில் மட்டும் இப்பகுப்பைப் பார்ப்போமாயின், ஒப்புமை காணல், அனுமானித்தல் என்னும் இரு வேறு மனச்செயல்கள் இங்கு பிரித்துணரப்பட்டுள்ளன எனக் கொள்ளலாம். வாயிலற்ற வெள்ளை வீடு என்று முட்டையைச் சுட்டும் நொடி முதல்வகையைச் சாரும். அங்கு பிள்ளை செய்யவேண்டியது ஒரு தாவல்; தாவியபின் திரும்பிப் பார்க்கவேண்டிய தேவை இல்லை. தேங்காயைக் குறிக்கும் நொடிகளுள் ஒன்று இதனின்றும் வேறானது. பொருளுக்கு மூன்று கண் உண்டென்று கூறி, உடனேயே அது சிவன் அன்றென மறுக்கிறது. உள்ளே நீர் உண்டென்று கூறி, அது குடமும் அன்று மேகமும் அன்று என விலக்குகிறது. இங்கு ஒப்புமை மட்டும் போதாது. மூன்று கண் உடையவை ஒரு தொகுதி, நீர் தாங்குபவை மற்றொரு தொகுதி. இரண்டிலும் அடங்குவது எது, விலக்கப்பட்டவை போக எஞ்சுவது எது என்று பிள்ளை தேடவேண்டியிருக்கிறது. தொடைக் கோட்பாடு எனப் பிற்காலத்தில் வகுப்பறையிற் கற்பிக்கப்படும் விடயத்தின் கரு வடிவம் இதுவே எனின் மிகையாகாது.

நொடி கேட்டலில் இன்னொரு சிறப்பும் உண்டு. நொடி போடும் உரிமை வயதைப் பொறுத்ததன்று. ஆறு வயதுப் பேத்தி அறுபது வயதுப் பேரனாரை மடக்கலாம், அவர் தோற்கலாம், தோல்வியை ஒத்துக்கொள்ளவும் வேண்டும். மூத்தோர் சொல்லுக்கு மறுசொல் இல்லாத எமது குடும்ப அமைப்பில் இது அற்ப விடயமன்று. ஆயினும் நொடியின் எல்லையையும் நாம் மறைக்கலாகாது. விடை ஏற்கனவே தீர்மானிக்கப்பட்டது. அதனைக் கேட்டவர் அறிவார். பிள்ளை வேறொரு பொருளைக் கூறி, அப்பொருளும் கூறப்பட்ட குறிகள் அனைத்துக்கும் பொருந்துவதாகக் காட்டினாலும், 'அது இல்லை' என்ற ஒரு சொல்லோடு விவகாரம் முடிந்துவிடுகிறது. பொருந்துகிறதா என்பது அளவுகோலன்று, வழக்கே அளவுகோல். எனவே நொடி தருக்கத்தின் வாயில்வரை பிள்ளையை அழைத்துச் சென்று, அங்கேயே விட்டுவிடுகிறது. நாட்டார் வழக்காற்றைத் தொகுப்பவர்கள் நொடியையும் விடையையும் அருகருகே அச்சிட்டு, இதுவே எம் முன்னோரின் அறிவியற் கல்வி எனப் பெருமைப்படும்போது இந்த எல்லை கண்ணுக்குப் படாமற் போகிறது.

கொறுக்கையூர்க் காரிநாயனாரின் கணக்கதிகாரம் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. நிலவளவு, பொன், நெல், நாழிகை முதலியவற்றோடு விளையாட்டுக் கணக்குகளையும் கொண்ட அந்நூலில், பலாப்பழத்தை வெட்டாமலே சுளைகளை எண்ணுவதற்கு ஒரு விதி உண்டு. காம்பைச் சூழவுள்ள சிறு முள்ளுக்களை எண்ணி, அத்தொகையை 6 ஆற் பெருக்கி 5 ஆற் பிரிக்கவேண்டும். முள் 100 ஆயின் சுளை 120. பழந்தமிழர் கணித மேன்மைக்குச் சான்றாக மேடைகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் விதி இது. எடுத்தாள்பவருள் எத்தனை பேர் ஒரு பழத்தையாயினும் வெட்டி எண்ணிப் பார்த்தனர் என்பது வேறு விடயம்.

இவ்விதிக்கு நூலிற் காரணம் கூறப்படவில்லை. ஏன் ஆறு, ஏன் ஐந்து என்ற வினாவுக்கு அங்கு இடமில்லை. இதனைக் கொண்டு, திண்ணைப் பள்ளிக் கல்வி முழுவதுமே வெறும் மனனம் என ஒதுக்கிவிடுவது எளிது. காலனித்துவ காலக் கல்வி அறிக்கைகள் பெரும்பாலும் அவ்வாறே செய்தன. ஆனால் எண்சுவடி மரபை விரிவாக ஆராய்ந்துள்ள த. செந்தில்பாபு, 2022இல் வெளிவந்த தமது ஆங்கில நூலில், திண்ணைப் பள்ளியின் நினைவாற்றல் பயிற்சி பொருளற்ற ஒப்புவித்தல் அன்றென்றும், அளத்தலும் கணித்தலும் நாளாந்தத் தொழிலாக இருந்த சமூகத்தில் அது ஒரு செயற்றிறனாக விளங்கியதென்றும் எடுத்துக்காட்டுகிறார். அவ்வாய்வை நாம் ஏற்கிறோம். எனினும் தொழிலுக்குத் தேவையான செயற்றிறனும், ஏன் என்று கேட்கும் சிந்தனையும் ஒன்றல்ல. நிலவுடைமைச் சமூகத்தில் அளப்பவனுக்குத் தேவைப்பட்டது முன்னையதே. பின்னையதை அச்சமூகம் கோரவில்லை; சிலவேளை அஞ்சவும் செய்திருக்கலாம்.

ஆனால் இதே பலாப்பழ விதியை இன்றைய வகுப்பறையில் நம்பவேண்டிய விதியாக அன்றி, சோதிக்கவேண்டிய கருதுகோளாக முன்வைத்தால் நிலைமை தலைகீழாகிறது. இரண்டு மூன்று பழங்களை வெட்டி எண்ணும் பிள்ளைகள், விதி கூறும் தொகையும் கண்ட தொகையும் எவ்வளவு வேறுபடுகின்றன எனப் பதியலாம். எது 'சிறு முள்', எவ்வளவு தூரம் 'காம்பைச் சூழ' என்ற வரையறைப் பிணக்குகள் உடனே எழும். வரையறை இன்றி எண்ண முடியாது என்ற உண்மையை அவர்கள் பிசுபிசுத்த விரல்களோடு கற்றுக்கொள்வர். மரபைப் போற்றுவதற்கு இதனிலும் நேர்மையான வழி உண்டென்று நாம் கருதவில்லை.

யாழ்ப்பாணத்தின் நவீன கல்வி வரலாறு இவ்வகையில் ஓர் இரட்டைத் தன்மையைக் கொண்டது. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனரிமார் நிறுவிய செமினரியில் கேத்திரகணிதமும் அட்சரகணிதமும் வானியலும் பயிற்றப்பட்டன; அங்கு பயின்ற கறோல் விசுவநாதபிள்ளை 1855இல் வீசகணிதம் என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். குறியீடுகளால் சிந்திக்கும் முறை தமிழுக்கு அந்நியமானதன்று என்பதை அந்நூல் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே நிறுவிவிட்டது. அதே காலப்பகுதியில் மிசன் பாடசாலைகள் ஞானோபதேச வினாவிடைகளையும், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஆரம்பித்த ஆறுமுக நாவலர் சைவ வினாவிடைகளையும் பாடநூல்களாக வழங்கினர். சமயத்தால் எதிரெதிராக நின்ற இருசாராரும் கற்பித்தல் வடிவத்தில் ஒன்றுபட்டனர். வினாவும் நூலுக்குரியது, விடையும் நூலுக்குரியது. பிள்ளைக்குரியது குரல் மட்டுமே. அக்காலச் சமயப் போட்டியில் இவ்வடிவம் ஆற்றிய பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அது பாடசாலையின் பொது வடிவமாக உறைந்துவிட்டமையே எமது பிரச்சினை. வீசகணிதத்தின் வழியும் வினாவிடையின் வழியும் ஒருங்கே திறந்திருந்தபோது, பரீட்சையை மையமாகக் கொண்டு வளர்ந்த எமது கல்வி பின்னையதையே பெரிதும் தழுவிக்கொண்டது.

புலமைப்பரிசில் பரீட்சை இந்த வடிவத்தின் இறுதி வாரிசு. சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் மத்திய பாடசாலைத் திட்டமும் 1945இன் இலவசக் கல்வியும் ஏழைப் பிள்ளைக்குக் கதவைத் திறக்கும் நோக்குடன் வந்தவை. அவ்வழி உருவான பரீட்சையின் முற்போக்கான உள்ளடக்கத்தை மறந்துவிட்டு அதனை விமரிசிப்பது வரலாற்றுக்கு மாறானது. வசதி குறைந்த பிள்ளைக்கு உதவிப்பணமும் நல்ல பாடசாலையில் இடமும் பெற்றுத்தருவதே அதன் நோக்கு. இன்று நாடு முழுவதிலும் ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பத்து வயதுப் பிள்ளைகள் அதற்குத் தோற்றுகின்றனர். முதலாம் வினாத்தாளில் ஒரு மணித்தியாலத்துள் 40 பல்தேர்வு வினாக்களுக்கு விடையளிக்கவேண்டும். ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம். ஒன்றரை நிமிடத்தில் எவரும் சிந்திப்பதில்லை, அடையாளங் காண்கின்றனர். ஆகவே ரியூசன் நிலையங்கள் செய்வது அவற்றின் நோக்கில் முற்றிலும் அறிவார்ந்த செயலே. இன்ன வகை வினாவெனக் கண்டவுடன் இன்ன வழியில் விடை எனக் கை பழகும்வரை மாதிரி வினாத்தாள்களைச் செய்விக்கின்றன. 3, 6, 11, 18, 27 என்ற தொடரைக் கண்டதும் பயிற்றப்பட்ட பிள்ளை இடைவெளிகளை எழுதி 38 என்கிறது. அது சரியே. ஆனால் இப்பிள்ளைக்கு இது புதிரன்று, புதிரின் பிணம்.

இங்கு ஒரு தருக்க முரண்பாடு உண்டு. நுண்ணறிவு பயிற்சியால் உயர்த்தப்படக் கூடியதாயின், அவ்வினாத்தாள் அளப்பது பயிற்சிக்குச் செலவிடப்பட்ட பணத்தையும் நேரத்தையும் ஆகும். உயர்த்தப்பட முடியாத பிறவிக்குணமாயின், பயிற்சி முழுவதும் வீண். இரண்டிலொன்றை ஏற்றே ஆகவேண்டும். எமது சமூகமோ இரண்டையும் ஒரே நேரத்தில் நம்புகிறது. 1905இல் இத்தகைய சோதனையை முதலில் அமைத்த அல்பிரெட் பினே, எப்பிள்ளைக்கு மேலதிக உதவி தேவை என்று அறிவதற்கே அதனை வகுத்தார் என்பதை இங்கு நினைவூட்டலாம். உதவவேண்டியோரைக் காண உருவான கருவி, விலக்கவேண்டியோரைக் காணும் கருவியாயிற்று. 2024 செப்ரெம்பரில் நடைபெற்ற பரீட்சையின் முதலாம் வினாத்தாளிற் சில வினாக்கள் முன்கூட்டியே வெளியானமை தொடர்பான விவகாரம் உயர் நீதிமன்றம்வரை சென்றது. நீதியின் நோக்கில் அது பாரதூரமான விடயம். எமது நோக்கிலோ, சில வினாக்கள் முன்னரே தெரிந்திருந்தமைக்கும், எல்லா வினாக்களினதும் வகைகள் முன்னரே தெரிந்திருப்பதற்கும் இடையிலான வேறுபாடு அளவு வேறுபாடு மட்டுமே.

இன்னொரு குறையும் உண்டு. அது இதனிலும் ஆழமானது. 1, 2, 4 என்று தொடங்கும் தொடரின் அடுத்த எண் எது? இருமடங்காகிறது எனக் கொண்டால் 8. இடைவெளி ஒவ்வொன்றாகக் கூடுகிறது எனக் கொண்டால் 7. இரண்டுக்கும் நியாயம் உண்டு. வினா அமைத்தவர் 8ஐ மனத்திற் கொண்டிருந்தால், 7 என எழுதித் தெளிவான காரணம் கூறவல்ல பிள்ளை தவறியதாகக் கொள்ளப்படும். காரணம் கேட்கப்படுவதில்லை, கட்டத்துட் புள்ளடி மட்டுமே கேட்கப்படுகிறது. வழக்கின் அதிகாரம் நொடியில் எங்கு நின்றதோ, வினா அமைப்போரின் அதிகாரம் இங்கு அங்கேயே நிற்கிறது. நொடியிலாவது பிள்ளை அடுத்த நொடியைத் தான் போடலாம்.

இனி உளவியலாளர் கூற்றுக்களைச் சிறிது நோக்குவோம். 1931-32இல் உஸ்பெக்கிஸ்தானில் ஆய்வு நிகழ்த்திய அலெக்சாந்தர் லூரியா, வடதுருவப் பனிப் பிரதேசத்துக் கரடிகள் யாவும் வெள்ளை என்றும், இன்ன இடம் அப்பிரதேசத்தில் உள்ளது என்றும் கூறி, அவ்விடத்துக் கரடியின் நிறம் யாது என வினவினார். எழுத்தறிவற்ற விவசாயிகள் பலர் தாம் அங்கு சென்றதில்லையாதலால் கூற இயலாது என்றனர். சிறிதளவு கல்வியும் கூட்டுப்பண்ணை வாழ்வும் பெற்றோர் எடுகோளிலிருந்து முடிவைப் பெற்றனர். அருவச் சிந்தனை பிறவியில் வருவதன்று, சமூக வாழ்வின் மாற்றத்தோடு வருவது என்னும் இம்முடிவு முற்போக்காளர்க்கு உவப்பானது. ஆயின் அதனை இயந்திரரீதியாகப் பிரயோகித்தல் ஆபத்தானது. நேரிற் காணாததைப் பற்றிப் பேச மறுத்த விவசாயி தருக்கமற்றவர் அல்லர். வினாத் தொடுப்பவரின் விளையாட்டு விதியை அவர் ஏற்கவில்லை. 1978இல் மாகிரெட் டொனால்ட்சன் சிறுவர் பற்றி எழுதியதும் இதனோடு ஒப்பத்தக்கது. பியாஜேயின் சோதனைகளிற் சிறுவர் தவறியமைக்குப் பல சந்தர்ப்பங்களில் தருக்கக் குறைபாடு காரணமன்று. கேட்கப்பட்ட சூழல் அவர்களுக்கு மனிதப் பொருளற்றதாக இருந்தமையே காரணம் என அவர் வாதிட்டார். ஆனால் அவர் அத்தோடு நின்றுவிடவில்லை. சூழலிலிருந்து பிரித்தெடுத்துச் சிந்திக்கும் ஆற்றலைப் பாடசாலை வளர்த்தே ஆகவேண்டும் என்றும், சூழலைத் தாண்டிக் குதித்து அன்றி அதன்வழி நடத்திச் சென்றே அதனைச் செய்யமுடியும் என்றும் வற்புறுத்தினார். விளையாட்டிற் கோலைக் குதிரையாகக் கொள்ளும் பிள்ளை பொருளிலிருந்து கருத்தைப் பிரிக்கத் தொடங்குகிறது என வைகோட்ஸ்கி கூறியதும் இங்கு பொருந்தும். நாயும் புலியும் ஆடும் பிள்ளைக்கு ஒரு கல்லு புலி, மற்றொரு கல்லு நாய். கல்லின் நிறமும் பருமனும் பொருட்டன்று. அது எங்கு நகரலாம் என்பதே அதன் பொருள்.

இந்நோக்கில் ஒரு புதிரை விரிவாக எடுத்துக்கொள்வது பயனுடையது. ஆடு, புலி, புல்லுக்கட்டு மூன்றையும் ஆற்றைக் கடக்கச் செய்யும் கணக்கை அறியாதார் இலர். படகில் ஓட்டுபவனோடு ஒன்றுக்கு மட்டுமே இடம். தனித்து விட்டால் புலி ஆட்டையும் ஆடு புல்லையும் தின்றுவிடும். அல்குயின் தொகுத்ததெனக் கருதப்படும் இடைக்கால இலத்தீன் புதிர்த்தொகுதியில் ஓநாயும் கோசுமாக இது காணப்படுகிறது. யாழ்ப்பாணப் பிள்ளைக்கு ஆறே அந்நியம். மாரியில் மட்டும் நீரோடும் வழுக்கையாற்றைத் தவிரக் குடாநாட்டில் ஆறு எனக் கூறத்தக்கது யாதுமில்லை. புலியைப் படகில் ஏற்றுபவன் யார் என்ற வினாவும் நியாயமானதே. ஆகவே குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்குச் செல்லும் வள்ளமாகவும், நாய், கோழி, நெல்மூட்டை எனவும் இதனை மாற்றுவோம். கோழியை முதலிற் கொண்டுசெல்லவேண்டும் என்பதைப் பிள்ளைகள் விரைவிற் காண்பர். அடுத்து நாயையோ நெல்லையோ கொண்டுசென்றதும் தடை ஏற்படுகிறது. அக்கரை சேர்த்த கோழியை மீண்டும் இக்கரைக்குக் கொண்டுவரவேண்டும் என்ற எண்ணம் எளிதிற் பிறப்பதில்லை. முன்னேற்றம் என்பது எப்போதும் முன்னோக்கிய அசைவே என்ற நம்பிக்கை வளர்ந்தோரையும் விடுவதில்லை. ஏழு பயணங்களில் காரியம் முடிகிறது. விடை கிடைத்ததும் பாடம் முடிந்ததெனச் சொல்லி அடுத்த கணக்குக்குச் செல்வதே எமது வழக்கம். உண்மையிற் பாடம் அங்குதான் தொடங்குகிறது.

நாயை இரண்டாவதாகக் கொண்டுசென்ற பிள்ளையும் நெல்லைக் கொண்டுசென்ற பிள்ளையும் இருவருமே சரியாக முடித்தது எவ்வாறு? நாயும் நெல்லும் தம்முள் இடம் மாறினாலும் கணக்கு மாறுவதில்லை. இரண்டுக்கும் கோழியோடு மட்டுமே பகை. இதனைக் கண்ட பிள்ளை நாயையும் நெல்லையும் மறந்து உறவை மட்டும் பார்க்கத் தொடங்கிவிட்டது. ஆட்டுக் கணக்கும் கோழிக் கணக்கும் ஒரே கணக்கு என்பதும் அவ்வேளையிலேயே புலப்படும். இனி நிபந்தனையை மாற்றலாம். வள்ளத்தில் இரண்டுக்கு இடமிருந்தால்? நாயும் நெல்லும் ஒன்றாகச் செல்ல, மூன்றே பயணங்கள் போதும். நாய் பசியால் நெல்லையும் தின்னுமாயின்? நாயைக் கொண்டுசென்றால் கோழியும் நெல்லும் எஞ்சும். கோழியைக் கொண்டுசென்றால் நாயும் நெல்லும். நெல்லைக் கொண்டுசென்றால் நாயும் கோழியும். முதற் பயணமே சாத்தியமில்லை. மூன்று வழிகள் மட்டுமே உண்டு, மூன்றும் அடைபட்டுள்ளன, ஆகவே முடியாது. பத்து வயதுப் பிள்ளை இங்கு ஒரு நிறுவலைச் செய்துவிட்டது. 'தெரியாது' என்பதற்கும் 'முடியாது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அது உணர்ந்துவிட்டது. முன்னையது அறிவின்மை, பின்னையது அறிவு. முடியாது என்பதைத் தானே நிறுவிக்காட்டும் வாய்ப்பைப் புள்ளடி இடும் வினாத்தாள் பிள்ளைக்கு வழங்குவதில்லை.

இவ்வாறான பயிற்சிக்கு விலைகூடிய உபகரணங்கள் வேண்டுமென்றோ, பிறநாட்டுப் புதிர் நூல்களை மொழிபெயர்க்கவேண்டுமென்றோ கூறுவோர் உளர். மொழிபெயர்ப்பு வேண்டும். ஆனால் ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துக்கள் ஒரே வரிசையில் நிற்பவை. அதனை ஒட்டி எழுந்த எழுத்துத் தொடர்ப் புதிர்களைத் தமிழில் அப்படியே பெயர்க்கும்போது தமிழ் எழுத்தின் தனி இயல்பு வீணாகிறது. எமது உயிர்மெய் அட்டவணை வரிசையன்று, கட்டம். 18 மெய் ஒருபுறம், 12 உயிர் மறுபுறம். 216 எழுத்துக்களும் இரு காரணிகளின் சந்திப்புக்கள். ககரத்துக்குக் கூ எப்படியோ பகரத்துக்கு எது அப்படி என வினவினால், பிள்ளை ஒரு காரணியை நிலைநிறுத்தி மற்றதை மாற்றுகிறது. உளவியலாளர் படங்களால் அமைக்கும் கட்டப் புதிர்களின் தருக்கமும் இதுவே. அன்றியும் கு, சு, டு, நு ஆகியவற்றின் உகரக் குறிகள் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றுவதில்லை. எனினும் மெய்யோடு உகரம் சேர்ந்த உறவு எல்லாவற்றிலும் ஒன்றே. தோற்றம் வேறாயினும் தொடர்பு ஒன்றெனக் காண்பதே அருவச் சிந்தனை எனின், பிள்ளை அதனை முதலாம் ஆண்டிலேயே தொடங்கிவிடுகிறது. நாமோ அதனை எழுத்துப் பயிற்சி எனப் பெயரிட்டுக் கொப்பியை நிரப்பச் செய்கிறோம்.

அட்டவணையின் சில கட்டங்களை மறைத்து, மறைந்தவற்றைக் காண உதவும் மிகக் குறைந்த குறிப்புக்கள் எத்தனை என்று நான்காம் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேட்கலாம். ஒரு குழு குறிப்புக்களை எழுத, மற்றைய குழு அவற்றுள் எது மேலதிகமானது, எது இன்றி விடை பலவாகும் எனச் சோதிக்கலாம். இதற்குக் கரும்பலகை போதும். புள்ளி வழங்குவதாயின், குறிப்பு எழுதிய குழுவிலும் பார்க்க, அதிற் குறை கண்ட குழுவுக்கே கூடுதலாக வழங்குதல் தகும்.